பெட்டியின் மேல் எழுதும் பெயர்

லாசால், மொன்றியல்
27 ஓகஸ்ட் 2023

அன்புள்ள றோசா அக்காவுக்கு,

நானும் அம்மாவும் நலம். கடிதம் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று மன்னாரில் ஐந்தாம் வகுப்பில் சொல்லித் தந்தார்கள். அதற்குப் பிறகு என்ன எழுதுவது என்று தெரியாமல் இந்தத் தாளை மூன்று நாட்களாக வைத்திருக்கிறேன்.

வாட்ஸ்அப்பில் என்னைப் புளொக் பண்ணிவிட்டீர்கள். அது நியாயம்தான். ஆனால் ஒரு விஷயம் உங்களுக்கு முழுதாகத் தெரியாது.

யூனில் அப்பா இறந்த புதன்கிழமை, ஆஸ்பத்திரி வாசலில் வைத்து அம்மா என்னிடம், "உன்னட்டத்தானே கொக்காவின்ர நம்பர் இருக்கு, எடுத்துச் சொல்லு" என்றார். மூன்று தரம் எடுத்தேன். மூன்று தரமும் மணி அடிக்க முன் வைத்துவிட்டேன். பிறகு செய்தி எழுதப் பார்த்தேன். 'அப்பா' என்று எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. அம்மா கேட்டபோது சொல்லிவிட்டேன் என்று பொய் சொன்னேன். சனிக்கிழமை நல்லடக்கம் முடியும் வரை, தெரிந்தும் நீங்கள் வரவில்லை என்றுதான் அம்மா நினைத்துக்கொண்டிருந்தார். நீங்களோ அன்று காலையில் யாரோ முகநூலில் போட்ட மரண அறிவித்தலைப் பார்த்துத்தான் அறிந்தீர்கள்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வந்து அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் அடிக்கவில்லை. அன்று முழுக்க என்னோடு கதைக்கவுமில்லை.

பள்ளிக்கூடத்தை விட்டதற்கு நீங்கள் ஏற்கெனவே என்மேல் கோபம். பிரெஞ்சு வகுப்பில் எழும்பி நின்று பேசச் சொன்னால் எனக்கு மூச்சு வராது, அக்கா. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ஜெயனி


நோர்வே
10 செப்டெம்பர் 2023

ஜெயனி,

உனக்குப் பேப்பரில் மட்டும்தான் வாய் இருக்கிறது. அதனால் நானும் பேப்பரிலேயே பதில் சொல்கிறேன்.

மூன்று நாள். மூன்று நாளில் நான் நடந்தாவது வந்திருப்பேன். திருகோணமலைக்காரனை, அதுவும் சைவக்காரனைக் கட்டினேன் என்று மூன்று வருடமாக அப்பா என்னோடு கதைக்கவில்லை. அந்தக் கோபத்தை அவருடைய முகத்தைப் பார்த்து முடித்திருப்பேன். உன்னால் அது இனி இல்லை. உன் அத்தான் சுபாஸ்கரன் சொல்கிறார், "அவள் சின்னப்பிள்ளை, விடும்" என்று. பதினேழு வயது சின்ன வயதில்லை.

நான் காலையில் துப்புரவு வேலை செய்யும் இடம் ஒரு பழைய வீடு. இப்போது அது அரும்பொருளகம். இருநூறு வருடத்துக்கு முன்னால் மாரென் எல்வெ என்ற பெண் அதில் இருந்தாள். கப்பல் வைத்து வியாபாரம் செய்தவள். கருவாடும் மரமும் ஏற்றி அனுப்பி, உப்பும் தானியமும் இறக்கினாள். அவளுடைய கப்பல் ஒன்று புயலில் போய்விட்டது. பதினொரு பேர். செய்தி வந்த அன்றே பதினொரு வீட்டுக்கும் அறிவித்தாள். ஊருக்குள் இருந்த வீடுகளுக்குத் தானே போனாள், தீவுகளுக்குக் கடிதம் கொடுத்து வள்ளம் அனுப்பினாள். அந்தக் காலத்தில். ரெலிபோன் இல்லாத ஊரில்.

ஒவ்வொரு நாளும் அவளுடைய மேசையைத் துடைக்கும்போது எனக்கு உன் ஞாபகம்தான் வருகிறது. நல்ல விதமாக இல்லை.

றோசா


லாசால்
24 செப்டெம்பர் 2023

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தை அம்மா வேலைக்குப் போன பிறகு வாசித்தேன். நீங்கள் எழுதியதில் பிழை ஒன்றும் இல்லை.

அந்தப் பெண்ணைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுதுவீர்களா? நானும் இப்போது கப்பலுக்குத்தானே பெட்டி அனுப்புகிறேன்.

அப்பாவுக்குப் பிறகு கடையில் நான்தான் நிற்கிறேன். அம்மா பின்னேரம் வருவார், காலையில் அவருக்கு ஒரு கார்டெறியில், பிள்ளைகள் காப்பகத்தில், சமையல் வேலை. ஆட்கள் ஊருக்கு அனுப்பப் பெட்டியோடு வருகிறார்கள். நான் நிறை பார்த்து, ஒட்டுநாடா ஒட்டி, கறுப்புப் பேனையால் பெயரும் விலாசமும் எழுதுகிறேன். அப்பாவைப் போலப் பகிடி விட எனக்கு வராது. அவர்கள் சொல்வதை அப்படியே எழுதிவிட்டுத் தலையாட்டுவேன். "ஊமைப்பிள்ளை எண்டாலும் எழுத்து முத்துமுத்தா இருக்கு" என்று யோகமலர் அன்ரி என் முன்னாலேயே சொன்னார்.

கிறகரி சித்தப்பாவுக்கு நான் நிற்பது பிடிக்கவில்லை. கடையின் குத்தகை டிசெம்பரோடு முடிகிறது. புவாண்ட்-கிளேரில் அவர் வேலை செய்யும் களஞ்சியக்காரர் எங்கள் வாடிக்கையாளர்களை எடுத்துக்கொள்ளத் தயாராம். "வாய் திறக்காத பிள்ளையை வைச்சு என்னெண்டு அண்ணி யாவாரம் செய்யிறது?" என்று கேட்டார். அம்மா, "டிசெம்பர் வரைக்கும் பாப்பம்" என்றார். என்னைப் பார்க்காமல்தான் சொன்னார்.

எனக்குக் கடை வேண்டும், அக்கா. இந்த ஊரில் நான் மூச்சுத் திணறாமல் நிற்கிற இடம் அது ஒன்றுதான்.

ஜெயனி


நோர்வே
8 ஒக்டோபர் 2023

ஜெயனி,

கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. கேட்டபடியால் எழுதுகிறேன்.

மாரென் கப்பலுக்கு வழிகாட்டும் ஒருவரின் மகள். பத்தொன்பது வயதில் யென்ஸ் எல்வெ என்ற வியாபாரியைக் கட்டினாள். அவளுக்கு முப்பத்தொரு வயதாக இருந்தபோது அவர் காய்ச்சலில் இறந்தார். இரண்டு கப்பல், நாலு பிள்ளைகள்.

அரும்பொருளகத்தில் வழிகாட்டியாக இருக்கும் எலிசா சொன்னது இது. அந்தக் காலச் சட்டப்படி கலியாணமாகாத பெண் தன் பெயரில் வியாபாரம் செய்ய ஏலாது. கலியாணமான பெண்ணும் ஏலாது. விதவைக்கு மட்டும் முடியும், புருஷனுடைய வியாபாரத்தைத் தொடரலாம். மறுபடி கட்டினால் அந்த உரிமை புதுப் புருஷனுக்குப் போய்விடும். இரண்டு பேர் அவளைப் பெண் கேட்டார்கள். ஒருவன் மூன்று கப்பல்காரன். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி, இரண்டு வரியில் மறுப்பு எழுதினாள். அந்தக் காலத்தில் வியாபாரிகள் அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தையும் ஒரு கொப்பியில் பிரதி எழுதி வைப்பார்களாம். அவளுடைய கொப்பி கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. அதில் அந்த மறுப்புகளும் இருக்கின்றன, கருவாட்டு விலைகளுக்கு நடுவில்.

வியாபாரிகள் கூடும் மண்டபத்துக்குள் பெண்களை விடமாட்டார்கள். அதனால் துறைமுகத்தைப் பார்த்த யன்னலடியில் இருந்து முப்பது வருடம் கடிதத்தாலேயே கப்பல் ஓட்டினாள். உனக்கு இது பிடிக்கும் என்று தெரியும். ஆனால் ஒன்று கேள். ஒரு கடிதத்தில்கூட அவள் தன் பெயரை எழுதவில்லை. எல்லாவற்றிலும் 'காலஞ்சென்ற யென்ஸ் எல்வெயின் விதவை' என்றுதான் கையெழுத்து. அப்படித்தான் அன்று வழக்கமாம். எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ஒரு செத்த மனிதனுடைய பெயருக்குப் பின்னால் முப்பது வருடம் ஒளிந்திருந்தாள்.

நீ அப்படி இருக்காதே. இரவு வகுப்பு என்றாலும் சேர்ந்து படிப்பை முடி.

றோசா


லாசால்
22 ஒக்டோபர் 2023

அக்கா,

ஒரு பெரிய பிழை நடந்துவிட்டது. நான் செய்த பிழை.

யூலை மாதம் அனுப்பிய பெட்டிகள் கொழும்புச் சுங்கத்தில் நிற்கின்றன. பதினாறு பெட்டி. ஆண்களின் பெயருக்குப் போன பெட்டிகள் எல்லாம் வெளியே வந்துவிட்டன. பெண்களுக்குப் போனவை மட்டும்தான் நிற்கின்றன.

ஏன் என்றால், பெட்டியில் உள்ள பெயரும் எடுக்க வருபவரின் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். நான் 'திருமதி செல்லத்துரை' என்று எழுதியிருக்கிறேன், 'திருமதி மரியதாஸ்' என்று எழுதியிருக்கிறேன். ஆட்கள் அப்படித்தான் சொன்னார்கள். யார் தன்னுடைய அம்மாவைப் பெயர் சொல்லிச் சொல்கிறார்கள்? அட்டையிலோ அந்த அம்மாக்களுடைய சொந்தப் பெயர் இருக்கிறது. செல்லத்துரை செத்து ஒன்பது வருடமாம்.

அப்பா ஒவ்வொருவரிடமும் சத்தமாகக் கேட்பார், ஞாபகமா? "கலியாணக் கார்ட்டில இருக்கிற பேர் எனக்கு வேண்டாம், ஐடென்ரிக் கார்ட்டில என்ன பேர்? கொம்மாவுக்கு ஒரு பேர் வைச்சிருப்பினம்தானே!" கடையே சிரிக்கும். நான் பின்னால் இருந்து ஒட்டுநாடா வெட்டிக்கொண்டு அதை வெறும் பகிடி என்று நினைத்திருந்தேன். அதுதான் வேலையே. வயதுக்கு மூத்த பெண்ணின் பெயரைக் கேட்பது மரியாதை இல்லை என்பதால் அதைப் பகிடியாகக் கேட்டிருக்கிறார்.

இப்போது ஒவ்வொரு பெட்டிக்கும் சரியான பெயரை எழுதி, அனுப்பியவருடைய கையெழுத்தோடு திருத்தக் கடிதம் போக வேண்டும். டிசெம்பர் முதலாம் திகதிக்கு முன். பிந்தினால் நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு பெட்டியும் வராது. சித்தப்பா கடைக்கு வந்து பெயர்களைப் பார்த்துவிட்டு, "முடிஞ்சுது. இந்தப் பதினாறு சனமும் ஊரெல்லாம் கதைக்கும். பூட்டிப்போட்டு வாங்கோ" என்றார். நான் அம்மாவைப் பார்த்தேன். "நான் கேக்கமாட்டன். நீ எழுதின பேர், நீயே போய்க் கேள்" என்றார்.

பதினாறு பேரிடம் போய் நான் கதைக்க வேண்டும், அக்கா.

அந்தப் பெண் பதினொரு வீட்டுக்கும் என்ன சொன்னாள் என்று கொப்பியில் இருக்குமா? இப்படியான செய்தியை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

ஜெயனி


நோர்வே
5 நவம்பர் 2023

ஜெயனி,

எலிசாவிடம் கேட்டேன். அவள் அந்தப் பக்கங்களை இன்றைய நோர்வேஜியனில் மாற்றி எழுதி வைத்திருக்கிறாள். வேலை முடிந்த பிறகு இருவரும் யன்னலடியில் இருந்து வாசித்தோம்.

தீவுகளுக்குப் போனவை ஆறு கடிதங்கள். ஆறும் சிறியவை. நான் ஆறுதல் வார்த்தைகளைத் தேடினேன், அப்படி அதிகம் இல்லை. முதலில் நடந்ததைச் சொல்கிறாள்: கப்பல் போய்விட்டது, உன் மனிதர் வரமாட்டார். அடுத்தது, 'பருவம் பிந்தியும் புறப்படச் சொன்னது நான். மாலுமித் தலைவர் வேண்டாம் என்று சொன்னார்.' இதை ஆறிலும் எழுதியிருக்கிறாள். ஒருவரும் அவளைக் கேட்கவில்லை, எழுதாமல் விட்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. கடைசியாகத் தான் என்ன செய்யப் போகிறாள் என்பது. மா, விறகு, பெரிய பிள்ளைக்கு வேலை. அவ்வளவுதான்.

இன்னொன்று. கப்பல் பதிவேட்டில் அந்தப் பெண்கள் எல்லாம் இன்னாருடைய மனைவி என்றுதான் இருக்கிறார்கள். மாரெனுடைய கடிதங்களில் அப்படி இல்லை. 'குரி ஓல்ஸ்டாட்டருக்கு', 'மார்த்தெ நில்ஸ்டாட்டருக்கு'. ஓலெயின் மகள், நில்ஸின் மகள் என்று அர்த்தம். அவர்களுடைய சொந்தப் பெயர். யாரிடமோ போய்க் கேட்டுத்தான் எழுதியிருக்க வேண்டும் என்று எலிசா சொன்னாள். தன் பெயரை எழுதாத மனுஷி மற்றவர்களுடைய பெயரைத் தேடி எழுதியிருக்கிறாள். போன கடிதத்தில் அவளைப் பற்றி நான் சொன்னதில் கொஞ்சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

இதையும் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் பேந்து எழுதமாட்டேன். மூன்று வருடத்தில் நானும் எத்தனையோ தரம் அப்பாவின் எண்ணை எடுத்து, மணி அடிக்க முன் வைத்திருக்கிறேன். போன பெரிய வெள்ளிக்கிழமையும். அவர் எடுக்கவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன்.

போய்க் கேள்.

அக்கா


லாசால்
27 நவம்பர் 2023

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் வர முதல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பைலோடு தமிழ்ப் பூசைக்குப் போனேன். பூசை முடிந்து எல்லோரும் கீழே கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் மேலங்கிகள் கொழுவியிருந்த இடத்துக்குப் பின்னால் நின்றேன். ஒருவரிடமும் கேட்காமல் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். அம்மா பைலைத் திறந்து பார்த்துவிட்டு, மூடி, சோற்றைப் போட்டுத் தந்தார்.

உங்கள் கடிதம் பதினாறாம் திகதி வந்தது. அன்றே மூன்று வசனம் எழுதிப் பாடமாக்கினேன். 'உங்கள் பெட்டி கொழும்பில் நிற்கிறது. பெயரைக் கேட்காமல் எழுதியது என்னுடைய பிழை. அவருடைய சொந்தப் பெயரைச் சொன்னால் இன்றே திருத்தி அனுப்புவேன்.'

பத்தொன்பதாம் திகதி பூசை முடிந்ததும் முதலில் சிவானந்தம் அங்கிளிடம் போனேன். அவர் சைவம், ஆனால் அன்ரியைக் கூட்டிப்போகக் கார்த் தரிப்பிடத்தில் நிற்பார், ஒரு ஆள்தானே என்று அங்கே தொடங்கினேன். மூன்று வசனத்தையும் சொல்லி முடித்தேன்.

"மாமியின்ர பேரா?" என்றார். "முப்பது வருசமா மாமி எண்டுதான் பிள்ளை கூப்பிடுறன்." அன்ரி வந்ததும், "இஞ்சேரும், கொம்மாவின்ர பேரென்ன?" என்று கேட்டார்.

"என்ர அம்மாவின்ர பேர் தெரியாமலோ என்னைக் கட்டினனீங்கள்?"

"உம்மட பேர் தெரிஞ்சால் காணாதே?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்ரி என்னைப் பார்த்து, "அடி, உனக்குச் சிரிக்கவும் தெரியுமே!" என்றார். பெயர் தங்கரத்தினம்.

யோகமலர் அன்ரி திட்டினார். நல்லாகவே திட்டினார், எல்லோருக்கும் கேட்க. அப்பா இருந்தால் இப்படி நடக்குமா என்றார். "நடக்காது அன்ரி" என்றேன். அவர் பேனையை வாங்கிக் கையெழுத்து வைத்தார். அன்று ஒன்பது பெயர். கிழமை நாட்களில் ஐந்து. நேற்று ஒன்று. பதினைந்து.

பதினாறாவது வசீகரன் அண்ணை. டவுன்டவுனில் ஒரு ரெஸ்ரோரன்ற் குசினியில் வேலை. பூசைக்கும் வருவதில்லை, ரெலிபோனும் எடுக்கவில்லை. நேற்றுப் பின்னேரம் அவருடைய அப்பார்ட்மென்ருக்குப் போனேன். கதவைத் திறந்தார். தாடி வளர்ந்திருந்தது. நான் மூன்று வசனத்தையும் சொன்னேன். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அம்மா போன மாசம் செத்துப்போனா, தங்கச்சி" என்றார்.

எனக்கு நாலாவது வசனம் இருக்கவில்லை. பெட்டிக்குள் என்ன இருந்தது என்று அவரே சொன்னார். பச்சைக் கம்பளி ஸ்வெட்டர், முழங்காலுக்குப் பூசும் மருந்து, அம்மாவுக்குப் பிடித்த பிஸ்கட். செப்டெம்பரில் கையில் கிடைத்திருக்க வேண்டியவை. அவர் திட்டவில்லை. யோகமலர் அன்ரி திட்டியதைப் போலப் பத்து மடங்கு திட்டியிருக்கலாம். நான் ஓடிவிடவில்லை, அக்கா. அதை மட்டும் சொல்லலாம். சப்பாத்தோடு வாசலிலேயே நின்றேன். பிறகு அவர் உள்ளே வரச் சொல்லித் தேத்தண்ணி போட்டார். தங்கையின் பெயரைச் சொல்லி, பெட்டி அவளுக்குப் போகட்டும் என்று கையெழுத்து வைத்தார். வெளிக்கிடும்போது, "அம்மாவின்ர பேர் ஆக்னஸ்" என்றார். நான் அதையும் எழுதிக்கொண்டேன்.

பதினாறு கடிதமும் இன்று காலையில் அனுப்பியாகிவிட்டது.

அப்பாவின் செய்தியோடு நான் உங்கள் வாசலில் நிற்கவில்லை. அது நேற்றுத்தான் எனக்கு முழுதாக விளங்கியது. மன்னிப்பு முதல் கடிதத்திலேயே கேட்டிருக்க வேண்டும். அதில் பொய்யைத்தான் ஒப்புக்கொண்டேன், மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

ஜெயனி


நோர்வே
7 டிசெம்பர் 2023

ஜெயனி,

உன் கடிதத்தை வேலைக்குக் கொண்டுபோய் மாரெனுடைய மேசையில் வைத்து இன்னொரு தரம் வாசித்தேன். எலிசா என்ன என்று கேட்டாள். என்ர தங்கச்சி கப்பல்காரி என்றேன்.

உன் எண்ணைத் திறந்துவிட்டேன். கதைக்கச் சொல்லிக் கேட்கவில்லை. திறந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அம்மா என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா?

அக்கா


லாசால்
18 டிசெம்பர் 2023

அன்புள்ள அக்கா,

பதினான்கு பெட்டி வெளியே வந்துவிட்டது. மற்ற இரண்டும் இந்தக் கிழமை வரும் என்கிறார்கள். தங்கரத்தினம் அம்மா புதுச் சீலையோடு படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். சிவானந்தம் அங்கிள் அதைக் கடைக்குக் கொண்டுவந்து, வந்த எல்லோருக்கும் காட்டினார். "என்ர மாமி, தங்கரத்தினம்" என்று பெயரோடு சொன்னார்.

சித்தப்பா நேற்று வந்தார். குத்தகைத் தாளை அம்மா மேசையில் வைத்திருந்தார், ஏற்கெனவே கையெழுத்து வைத்து. ஒரு வருடத்துக்கு. "ஒரு வருசம்தானே, பாப்பம்" என்றார் சித்தப்பா. யோகமலர் அன்ரி இனி எங்களிடம் வரமாட்டார் என்றும் சொன்னார். அது உண்மைதான், அவர் புவாண்ட்-கிளேர்க் களஞ்சியத்துக்கு மாறிவிட்டார். கடையின் பெயர்ப்பலகையை மாற்றச் சொன்னார் சித்தப்பா. நான் வேண்டாம் என்றேன். அப்பாவின் பெயரே இருக்கட்டும். மாரென் ஒளிந்திருந்தாள் என்று எனக்குத் தோன்றவில்லை, அக்கா. அந்தப் பெயருக்குள் இருந்துகொண்டுதான் எல்லாவற்றையும் செய்தாள்.

இப்போது பெட்டி கொண்டுவருகிறவர்களிடம் நான் கேட்கிறேன். அப்பாவைப் போலச் சத்தமாக இல்லை, பகிடியாகவும் இல்லை. "அவையின்ர சொந்தப் பேரைச் சொல்லுங்கோ" என்று மட்டும். சிலர் யோசிக்கிறார்கள். நான் பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பேன். இரவு வகுப்பைப் பற்றி விசாரித்தேன். சேருவேன் என்று இன்னும் சொல்லவில்லை.

அம்மா உங்களைப் பற்றி என்ன சொன்னார் என்று கேட்டீர்கள். நத்தாருக்குப் பெட்டி ஒன்று கட்டியிருக்கிறார், பலகாரம், மிளகாய்த்தூள், சுபாஸ்கரன் அத்தானுக்கு ஒரு சேர்ட். நான் கறுப்புப் பேனையை எடுத்து, "என்ன பேர் எழுத?" என்று கேட்டேன். திருமதி சுபாஸ்கரன் என்று சொல்வாரா, அப்பாவின் பெயரைச் சேர்த்துச் சொல்வாரா என்று தெரியாமல் நின்றேன். "றோசா எண்டு எழுது. பெரிசா எழுது" என்றார்.

இந்தக் கடிதம் வரப் பத்து நாளாவது ஆகும். பெட்டி இன்னும் பிந்தும். ஜனவரி ஆறாம் திகதி, சனிக்கிழமை, உங்கள் நேரம் பின்னேரம் நாலு மணிக்கு நான் ரெலிபோன் எடுப்பேன். அம்மாவும் பக்கத்தில் இருப்பார்.

உடனே எடுத்துவிடாதேயுங்கோ. கொஞ்ச நேரம் மணி அடிக்கட்டும். நான் வைக்கமாட்டேன்.

ஜெயனி